சரக்கு வரிசையில் வந்த சம்பந்தம்

தன்னைப் பெண் கேட்டு வருகிற நாளில் எந்தப் பெண்ணாவது கையுறை மாட்டிக்கொண்டு ஊரார் மூட்டைகளைக் கிளறிக்கொண்டிருப்பாளா? யாஸ்னா கிளறிக்கொண்டிருந்தாள்.

காலையில் சிலி நாட்டு எல்லையின் சோதனைச் சாவடியிலிருந்து போன் வந்திருந்தது. கூட வேலை பார்ப்பவனுக்குக் காய்ச்சல். திருவிழா முடிந்து போலிவியாவிலிருந்து திரும்புகிற கூட்டம் ஏரிக்கரை வரைக்கும் நிற்கிறது. "மத்தியானம் வரைக்கும் மட்டும் வந்துட்டுப் போ, யாஸ்னா. உங்க வீட்டு விசேஷத்துக்கு நானே ஜீப்புல கொண்டு போய் விடறேன்" என்று மேலதிகாரி பாயேசா கெஞ்சியதில் மனம் இளகி வந்துவிட்டாள். அப்பா சூரியன் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தார். அதுதான் அவளுக்குப் பயம்.

மலைக்குக் கீழே பரினாகோத்தா கிராமத்தில் வீடு தயாராக இருந்தது. அம்மா விடியும் முன்பே எழுந்து மலையில் மேயும் லாமாவின் இறைச்சி சூப்பை அடுப்பில் ஏற்றியிருந்தாள். சித்தப்பாக்களும் அத்தைகளும் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, வராதவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பா கூமெர்சிந்தோ புது உடுப்பு போட்டுக்கொண்டு, வாசலைப் பார்க்காத மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"மூணாவது தடவை" என்று அவர் நேற்றே சொல்லியிருந்தார். "முதல் தடவை ரோடு மறியல்னாங்க. சரின்னேன். ரெண்டாவது தடவை ஆத்துல வெள்ளம்னாங்க. அதுக்கும் சரின்னேன். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்தா வரட்டும். வரலைன்னா இந்த வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. லாரிக்காரங்களுக்கு எடுத்துட்டுப் போகத்தான் தெரியும், கேக்கத் தெரியாது."

கடைசி வாக்கியம் யாஸ்னாவுக்கானது இல்லை. அவளுடைய அக்கா எல்பாவுக்கானது. எல்பா ஒரு போலிவிய லாரிக்காரனோடு, யாரிடமும் சொல்லாமல், அவன் ஊரான ஓருரோவுக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று யாரும் காட்டிக்கொள்வதில்லை. அவள் பெயரைச் சொன்னால் அப்பா எழுந்து, கம்பளிக்காக வளர்க்கும் அல்பாகாக்களைப் பார்க்கப் போய்விடுவார். அல்பாகாக்கள் கொட்டிலில் அடைந்த பிறகும் போவார்.

அதனால்தான் யாஸ்னா, இன்று தன்னைக் கேட்டு வரவிருந்த லிம்பெர்ட்டிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். "உங்க ஆளுங்க முறையா வந்து கேக்கணும். எங்கப்பா சரின்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் நான். ராத்திரியில வண்டியேறி வர்ற ஆளு நான் இல்ல. அந்த வீட்டுல இன்னொரு தடவை அப்படி நடந்தா எங்கம்மா தாங்க மாட்டா."

லிம்பெர்ட் அவளுக்கு அறிமுகமானதே இதே சோதனை மேசையில்தான். ஓருரோவிலிருந்து சிலியின் அரிக்கா துறைமுகத்துக்குச் சோயாப் புண்ணாக்கு ஏற்றிப் போகிறவன். முதல் தடவை சட்டைப்பையில் மறந்து வைத்திருந்த ஒரு ஆப்பிளைப் பிடித்தாள். சிலிக்குள் வெளிப்பழம் கூடாது. ஆப்பிள் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. அடுத்த நடையில் அவனாகவே வந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்து, "மேடம், இதை அறிவிக்கணும்" என்றான். அதற்கடுத்த நடையில் ஒற்றை வெங்காயம். அப்புறம் கையகலப் பூசணித்துண்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் படிவம் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை அவன் நின்று பேசலாம். "என் காதல் பூராவும் உங்க குப்பைத் தொட்டியிலதான் கிடக்கு" என்று ஒருநாள் சொன்னான். அன்றுதான் அவள் முதல்முறையாக வேலை நேரத்தில் சிரித்தாள்.

இன்று அந்த லிம்பெர்ட் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

மலைமேல் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். வந்தபோது அவன் குரல் கேட்டது. "யாஸ்னா, லாரிங்களை விடலையாம்மா?"

"கீழே இறக்கத்துல பனி உறைஞ்சு கிடக்கு. காரும் வேனும் போகுது. லாரிக்குக் கேட்டைச் சாத்திட்டாங்க. உனக்கென்ன? நீங்க வேன்லதானே வர்றீங்க?"

மறுமுனையில் அவன் தொண்டையைச் செருமினான்.

"லிம்பெர்ட்?"

"லாரியிலதான் வர்றோம்."

"என்னது! பொண்ணு கேக்கறதுக்கு டிரெய்லர்ல வருவாங்களா?"

"நான் சொல்லிப் பாத்தேன். அம்மா கேக்கல. லாரி வச்சுப் பொழைக்கிற வீட்டுக்காரங்க லாரியிலதான் போகணுமாம். அதுவும் காலி வண்டியில போகக் கூடாதாம். வெறும் வண்டியில வந்தாங்கன்னு பேச்சு வந்துடுமாம். முழு லோடு ஏத்தி, கலர்க் காகிதம் சுத்தி, முன்னாடி பூ கட்டி… யாஸ்னா, இருக்கியா?"

அவள் இருந்தாள். முழு லோடு என்றால் சரக்கு வரிசை. சரக்கு வரிசை இன்று சாவடியிலிருந்து கணவாய் உச்சியிலுள்ள எல்லைக்கோடு வரை ஏறி, அந்தப் பக்கம் போலிவியாவுக்குள்ளும் இறங்கிக் கிடந்தது. அந்தச் சாலையில் வரிசை என்பது விளையாட்டு இல்லை. ஒரு வண்டி நீளம் இடத்துக்காக ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் அவர்கள். எதிர்ச்சாரி காலியாகக் கிடந்தாலும் எவனாவது முந்த நினைத்தால் முன்னால் இருப்பவன் மூக்கை நீட்டி மறித்துவிடுவான்.

"நீ எங்க நிக்கிற?"

"போலிவியா பக்கம்தான். எல்லை போர்டே இன்னும் கண்ணுல படல. அம்மாவையும் மாமாவையும் ஒரு வேன்ல ஏத்தி முன்னால அனுப்பிட்டேன். என்னால வண்டியை விட்டு நகர முடியாது. நகர்ந்தா இடம் போச்சு. அம்மாவைப் பாத்துக்கோ. அவங்ககிட்ட கொஞ்சம்…"

சிக்னல் போய்விட்டது.

கொஞ்சம் என்ன என்பது சீக்கிரமே தெரிந்தது.

வேனிலிருந்து இறங்கிய அம்மாள் அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியும் போட்டிருந்தாள். முதுகில் வண்ணக் கம்பளத் துணியில் கட்டிய பெரிய மூட்டை. பின்னால் ஒல்லியான மனிதர் ஒருவர் ரொட்டிப் பையைச் சுமந்து வந்தார். அம்மாள் மூட்டையை மேசைமேல் போட்ட போட்டில் பாயேசாவின் காப்பிக் கோப்பை குதித்தது. அடையாள அட்டையை நீட்டினாள். நிக்காசியா தார்க்கி.

யாஸ்னா அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தாள். லிம்பெர்ட்டின் அம்மா. முகமூடியும் தலைமுடி வலையும் கறுப்புக் கண்ணாடியும் இருந்ததால் தன் முகம் தெரியவில்லை என்பது ஒரு நிம்மதி. மூட்டையை அவிழ்த்தாள்.

"இது என்னம்மா?"

"இலை."

"இது?"

"அதுவும் இலைதான்."

"ரெண்டு பையா?"

"பரவாயில்லை, கண்ணு நல்லாத் தெரியுது உனக்கு."

எல்லாமே இரண்டு இரண்டாக இருந்தன. இரண்டு பை கோகா இலை, இரண்டு சாராயப் புட்டி, வண்டிச் சக்கரம் மாதிரி இரண்டு ரொட்டி, இரண்டு பூமாலை, இரண்டு பொட்டலம் காய்ந்த இறைச்சி. பெண் கேட்கப் போகும் வீட்டில் எல்லாம் ஒவ்வொன்றாகத்தான் வைப்பார்கள். எதற்கு இரண்டு?

"எதுக்கும்மா எல்லாம் ரெண்டு?"

"அது உனக்கெதுக்கு? உன் வேலை கிளறுறது. கிளறு."

யாஸ்னா கிளறினாள். ரொட்டி போகலாம். புட்டி போகலாம். மற்றவை கூடாது. பூ, இறைச்சி, இலை மூன்றையும் ஒதுக்கி வைத்தாள். இலை இல்லாமல் பெண் கேட்கவே முடியாது. இலை கைமாறினால்தான் பேச்சே தொடங்கும். அவள் வீட்டிலும் அதுதான் வழக்கம், எல்லைக்கு அந்தப் பக்கமும் அதுதான். இரண்டு பக்கமும் ஒரே அய்மாரா பழங்குடி ஜனங்கள்தானே.

ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பாயேசா அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். மூட்டையை அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து எத்தனை பேரின் மூட்டையை அவிழ்த்திருக்கிறாள்! ஒரு பாட்டி மகளுக்காகக் கொண்டு வந்த சீஸைக்கூடப் பிடுங்கித் தொட்டியில் போட்டிருக்கிறாள். தன் கல்யாணத்துக்கு மட்டும் ஒரு சட்டமா?

"இது உள்ளே போகக் கூடாதும்மா. போர்டுல எழுதியிருக்கு."

"போர்டு எழுதினவன் பொண்ணு கேக்கப் போயிருக்க மாட்டான்."

"ஒண்ணு, இங்கேயே தொட்டியில போடணும். இல்லைன்னா வந்த வழியே திருப்பி எடுத்துட்டுப் போகணும்."

நிக்காசியா இடுப்பில் கை வைத்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏம்மா, அந்தக் காலத்துல உங்க சிலி ஆளுங்க எங்க போலிவியாவோட கடற்கரை பூராத்தையும் எடுத்துக்கிட்டீங்க. சரி, போகட்டும், அது பெரியவங்க சண்டை. இப்ப என் மூட்டையையும் எடுத்துக்கணுமா? கேக்கக் கிளம்பின இலை வீட்டுக்குத் திரும்பக் கூடாது, தெரியுமா உனக்கு? திரும்பினா அந்த வீட்டுல விளக்கேத்த ஆள் வராது. தொட்டியில போட்டா, அந்தப் பொண்ணையே தொட்டியில போட்ட மாதிரி. உன்னைப் பெத்தவங்க இதெல்லாம் சொல்லித் தரலையா? கல் மாதிரி நிக்கிற!"

"சொல்லித் தந்திருக்காங்கம்மா."

"என் மருமகளா வரப்போறவளும் இங்கதான் வேலை பாக்குறா. பெரிய ஆபீசர். உன்னை மாதிரி மூட்டை கிளறுறவ இல்ல. அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னா—"

"சொல்லுங்கம்மா" என்றாள் யாஸ்னா.

அப்போது பின்னாலிருந்து பாயேசா கத்தினார். "யாஸ்னா! அந்தச் சீல் டேப்பை எங்க வச்சே?"

நிக்காசியாவின் வாய் திறந்தபடி நின்றது. மெதுவாக அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள்.

"அந்த முகமூடியைக் கழட்டு."

யாஸ்னா கழற்றினாள். கண்ணாடியையும் கழற்றினாள்.

"போட்டோவுல கொஞ்சம் சதைப்பிடிப்பா இருந்தே."

"அது போன வருஷத்துப் போட்டோ, அத்தை."

"நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

"அட்டையைப் பாத்ததுமே தெரியும்."

"தெரிஞ்சுமா இலையை எடுத்து வச்சே?"

"தெரிஞ்சுதான்."

ரொட்டிப் பை வைத்திருந்த ஒல்லி மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். தங்கை வெடிக்கப்போகிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நிக்காசியா மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு சிரித்தாள். தொப்பி நழுவும் அளவுக்குச் சிரித்தாள்.

"கேட்டியா அண்ணா? கல்யாணத்துக்கு அப்புறம் போட வேண்டிய சண்டையை முன்னாடியே போட்டு முடிச்சாச்சு. இனிமே நிம்மதி." சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சரிம்மா. நீ விட மாட்டே. நான் திரும்ப மாட்டேன். உங்கப்பா பொழுது சாயற வரைக்கும்தான் இருப்பாராம். இப்ப என்ன செய்யறது, சொல்லு."

யாஸ்னா ஜன்னல் வழியாகக் கணவாயைப் பார்த்தாள். லாரிகள் மேலே மேலே ஏறி, மேகத்துக்குள் போய் முடிந்தன. அங்கே எல்லைப் பலகை இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இலைக்கு எந்தத் தடையும் இல்லை.

"இலை இங்க வர முடியாது" என்றாள். "எங்க வீடு அங்க போகலாம்."

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டாங்களா?" என்றார் அவர் எடுத்தவுடனே. கேட்ட வேகம் அவருக்கே பிடிக்காமல், "உங்கம்மா கேக்கறா" என்று சேர்த்துக்கொண்டார்.

"வந்துட்டாங்கப்பா. ஆனா இலையோட எல்லையைத் தாண்ட முடியாது. நிறுத்திட்டாங்க."

"எவன் நிறுத்தினது?"

"நான்தான்."

"மாமியார் மூட்டையையா?"

"ஆமாப்பா."

"என்ன சொன்னா அந்தம்மா?"

"நம்ம ஆளுங்க அவங்க கடலை எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்னாங்க. கல்லு மாதிரி நிக்கிறேன்னு திட்டினாங்க. பெத்தவங்க சொல்லித் தரலையான்னு கேட்டாங்க."

"ம்" என்றார் அப்பா. அந்த 'ம்'மில் ஒரு சந்தோஷம் இருந்தது. மகளை யாராலும் வளைக்க முடியாது என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு கர்வம். ஆனால் எல்லோரையும் கிளம்பி எல்லைக்கு வரச் சொன்னதும் குரல் இறுகிவிட்டது. "பொண்ணைக் குடுக்கறவன் ரோட்டுல போய் நிக்கறதா? அவங்கதான் என் வீட்டுக்கு வரணும். நான் போய் நின்னா ஊரு என்ன சொல்லும்? முடியாது."

"அப்பா, மேய்ச்சலுக்கு மலைமேல போறப்போ என்ன சொல்வீங்க? கம்பளி விரிச்ச இடம்தான் நம்ம வீடுன்னு சொல்வீங்க இல்லையா? நான் சின்ன வயசுல அழுதப்போ எல்லாம் அதைத்தானே சொன்னீங்க? அந்தக் கம்பளியை எடுத்துக்கிட்டு வாங்க. எல்லைப் பலகைக்குப் பக்கத்துல விரிங்க. அவங்க நம்ம வீட்டுக்கு வந்தே கேக்கட்டும்."

போன் கட்டாயிற்று. சிக்னல் போய்விட்டதா, அப்பாவே வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை.

திருப்பி அனுப்புகிற பொருளை எல்லைவரை கூடவே போய்ப் பார்த்து விட்டுவர வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாகப் பாயேசா திடீரென்று கண்டுபிடித்தார். அவர் தெற்கே கடலோரத்துக்காரர், அய்மாரா இல்லை. ஆனாலும் இலைப் பைகளில் டேப் ஒட்டிச் சீல் வைத்து, மிகுந்த மரியாதையோடு ஜீப்பின் முன் சீட்டில் வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டினார்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. பலகைக்கு அந்தப் பக்கம் நிக்காசியா இறங்கி நின்றாள். சீல் பிரிக்கப்பட்டது. வரிசையில் நின்ற டிரைவர்கள் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று ஒருவன் கேட்க, இன்னொருவன் வண்டி ரேடியோவில் பின்னால் இருந்தவனுக்குச் சொல்ல, விஷயம் லாரி லாரியாகத் தாவிப் போலிவியாவுக்குள் இறங்கிப்போயிற்று.

வெயில் மேற்கே சாயத் தொடங்கியது. சிலிப் பக்கமிருந்து மேலே ஏறி வரும் சாரி வெறிச்சென்று கிடந்தது.

"வருவாரா?" என்றாள் நிக்காசியா.

"தெரியலை, அத்தை" என்றாள் யாஸ்னா. அவள் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஓர் அடி எடுத்து வைத்தால் அந்தப் பக்கம். இப்படியே லிம்பெர்ட்டின் வண்டியில் ஏறிப் போய்விட ஒரு நிமிடம் போதும். எல்பா அப்படித்தான் போயிருப்பாள். யாஸ்னா காலை நகர்த்தவில்லை.

அப்பாவின் பழைய பிக்கப் வளைவில் தெரிந்தபோது முதலில் அவள் கண்ணில் பட்டது கம்பளிதான். பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பாக்கள் அது பறந்துபோகாமல் இருக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சூப்புப் பானையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தாள்.

அப்பா யாரையும் பார்க்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் சாலையோரம் கற்களைக் காலால் ஒதுக்கினார். கம்பளியை உதறி விரித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக அது படிந்தது. சிலிப் பாதியில் உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அப்போதுதான் நிக்காசியாவைப் பார்ப்பதுபோல் நிமிர்ந்தார்.

"யாரோ வாசல்ல நிக்கறாப்பல இருக்கே."

"வழிப்போக்கருங்கதான் ஐயா" என்றாள் நிக்காசியா முறைப்படி. "உங்க தோட்டத்துல ஒரு பூ இருக்குன்னு கேள்விப்பட்டு வந்தோம்."

"இந்த உசரத்துல பூவா? புல்லே முளைக்கறதில்ல." அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுப்பதும் முறைதான்; உடனே ஒப்புக்கொண்டால் பெண்ணுக்கு மதிப்பில்லை. "நாங்க ரெண்டு தடவை அடுப்பேத்தி ஆறவச்சவங்க. லாரிக்காரங்க பேச்சை நம்பறதில்ல. அவங்களுக்குக் கேக்கவே தெரியாது."

"நியாயம் ஐயா. திட்டுங்க. எங்க பக்கம் தப்பு இருக்கு." நிக்காசியா கம்பளியின் போலிவியப் பாதியில் மண்டியிட்டு, புட்டியைத் திறந்து, பூமித்தாய்க்கென்று முதலில் மண்ணில் ஊற்றினாள். "ஆனா இலையைக் கொண்டு வந்திருக்கோம்."

"இலை இருக்கட்டும். மாப்பிள்ளை எங்கே? கேக்க வந்தவங்க கூட்டத்துல கேக்கறவனையே காணோமே. அவன் மண்டியிடாம நான் எப்படி இலையைத் தொடறது?"

சாலையைப் பார்த்தார்கள். லாரிகள். லாரிகளுக்குப் பின்னால் லாரிகள். சூரியன் மலை முகட்டுக்கு ஒரு கையளவு மேலே இருந்தது. யாஸ்னா லாரிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். இவ்வளவு தூரம் வந்து இதிலா?

நிக்காசியா எழுந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்ற லாரியின் படியில் ஏறி, டிரைவர் கையிலிருந்து ரேடியோ மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேளுங்கடா. நான் தார்க்கி வீட்டு நிக்காசியா. உங்கள்ல பாதிப் பேர் என் வீட்டுல சூப்புக் குடிச்சிருக்கீங்க. மீதிப் பேர் என்கிட்ட டயர் வாங்கித் தேய்ச்சிருக்கீங்க. இந்த ரோட்டுல எவனும் எவனுக்கும் வழி விட்டதில்ல, எனக்குத் தெரியும். நானும் விட்டதில்ல. இன்னிக்கு என் பையனுக்கு ஒரு பொண்ணு கேக்கறோம். லாரிக்காரனுக்குக் கேக்கத் தெரியாதுன்னு இந்தப் பெரியவர் சொல்றார். வழி விடுங்க. தெரியும்னு காட்டுவோம்."

மைக்கைத் தொங்கவிட்டாள். எதுவும் நடக்கவில்லை. காற்று பலகையை ஆட்டியது. ரேடியோ மட்டும் கரகரவென்று இரைந்தது. பிறகு அதில் ஒரு குரல் கேட்டது. "அடேய், வண்டியை ஓரங்கட்டு." இன்னொரு குரல், "நீ முதல்ல கட்டுடா."

பக்கத்து லாரியின் இன்ஜின் உறுமியது. அது மெதுவாகச் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கியது. அதற்குப் பின்னால் இருந்ததும் ஒதுங்கியது. மேகத்துக்குள்ளிருந்து, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து, இன்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெறும் சத்தம் வந்தது. முழுச் சாலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இடம் கொடுத்தது. யாஸ்னா அந்தச் சாவடிக்கு வந்ததிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பாயேசா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நடுவில் லிம்பெர்ட்டின் லாரி வந்தது. கலர்க் காகித நாடாக்கள் காற்றில் படபடக்க, முன்னால் கட்டிய பூ பாதி உதிர்ந்து, சோயாப் புண்ணாக்கின் முழு எடையோடு, கர்ப்பிணி நடப்பதுபோல் நிதானமாக வந்தது. தாண்டிய ஒவ்வொரு லாரியும் ஹாரன் அடித்தது.

லிம்பெர்ட் ஒரு பக்கக் கதவைத் திறந்து குதித்தான். மறுபக்கக் கதவும் திறந்தது. முதலில் ஓர் ஆண் இறங்கி, கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி, எல்பா இறங்கினாள்.

அப்பா எழுந்துவிட்டார். எழுந்து பார்ப்பதற்கு அங்கே அல்பாகாக்கள் எதுவும் இல்லை.

"ரெண்டு ரொட்டி வச்சிருக்கேன் ஐயா" என்றாள் நிக்காசியா. அவள் குரல் இப்போது மிகவும் தாழ்ந்திருந்தது. "ரெண்டு பை இலை. ரெண்டு மாலை."

"என் வீட்டுல இருக்கறது ஒரு பொண்ணுதான்."

"வீட்டுல இல்லாத பொண்ணுக்கும் சேர்த்துத்தான் கேக்க வந்திருக்கேன். எல்பாவைக் கூட்டிட்டுப் போன இந்தக் குரோவர் எங்க பக்கத்துப் பையன். அவனுக்கு அப்பா அம்மா இல்ல, வந்து கேக்க ஆள் இல்லாம பயந்துட்டான். அன்னிக்கு எங்க ஆளு ஒருத்தன் கேக்காம எடுத்துட்டுப் போனான். இன்னிக்கு அதுக்கும் சேர்த்துக் கேக்கறோம். தாமதம்தான். ரோடு அப்படி."

குரோவரும் லிம்பெர்ட்டும் அருகருகே கம்பளியில் மண்டியிட்டார்கள். எல்பா நின்ற இடத்திலேயே நின்றாள்.

அம்மாதான் முதலில் நகர்ந்தாள். சூப்புப் பானையைச் சித்தப்பாவின் கையில் திணித்துவிட்டு, பலகை, கோடு, நாடு எதையும் பார்க்காமல் குறுக்கே ஓடிப்போய்ப் பேத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். குழந்தை ஒன்றும் அழவில்லை. புதுப் பாட்டியின் தொப்பியைப் பிடித்து இழுத்தது.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கம்பளியில் நடந்து, கோட்டைத் தாண்டி, போலிவியப் பாதியில் நிக்காசியாவுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் ஒரு பை, மறு கையில் ஒரு பை. இரண்டையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"இலை நல்லா இருக்கு" என்றார். "எல்பா. அங்கேயே நிக்கிறியே. வீட்டுக்குள்ள வா."

எல்பா கம்பளிமேல் கால் வைத்தபோது கணவாய் முழுவதும் ஹாரன்கள் வெடித்தன. யார் ரேடியோவில் சொன்னார்களோ, போலிவியாவின் உள்ளே கடைசி வண்டிவரை அந்தச் சத்தம் ஓடியது. கீழே ஏரிக்கரையில் நின்றவையும் சேர்ந்துகொண்டன. யாஸ்னா லிம்பெர்ட்டைப் பார்த்தாள். அவன் மண்டியிட்டபடியே அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் நிறுத்தத் தெரியாமல் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கடலை எடுத்துக்கிட்டோம்னு சொன்னியாமே சம்பந்தி" என்றார் அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இப்ப ரெண்டு பொண்ணுங்களை எடுத்துட்டே. கணக்குச் சரியாப் போச்சா?"

"எங்கே சரியாப் போச்சு? உங்க கடல் இன்னும் பெரிசு" என்றாள் நிக்காசியா. "ரொட்டியைப் பிடிங்க."

சூப்பு எல்லோருக்கும் போதவில்லை. முதல் சில லாரிக்காரர்களுக்கு மட்டும் கிடைத்தது. பாயேசா இரண்டு கிண்ணம் குடித்தார்.

வெளிச்சம் சாயும் நேரத்தில் இறக்கத்துப் பனியை உடைத்து அகற்றிவிட்டதாகச் செய்தி வந்து கேட்டைத் திறந்தார்கள். மாப்பிள்ளை வண்டிதான் முதலில் போக வேண்டுமென்று வரிசையே பிடிவாதம் பிடித்தது. யாஸ்னா பாயேசாவின் ஜீப்பில் முன்னாலேயே சாவடிக்கு இறங்கி வந்து, மேசைக்குப் பின்னால் நின்று கையுறையை மாட்டிக்கொண்டாள்.

லிம்பெர்ட் வந்து நின்றான். அவள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள முயன்றாள்.

"பழம், காய், இலை, இறைச்சி, விதை. அறிவிக்க ஏதாவது இருக்கா?"

அவன் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினான். அவனை அப்படி வெறும் பாக்கெட்டோடு அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் இல்ல, மேடம். எல்லாத்தையும் மேலேயே குடுத்துட்டேன்."

"அப்ப ஏன் இன்னும் நிக்கிறே?"

"படிவம் எழுதுவீங்களேன்னு."

வெளியே கேபின் ஜன்னலிலிருந்து நிக்காசியா ஹாரனை அமுக்கினாள். இத்தனை வருடம் இந்த லாரியில் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பியவள், கடலை ஒருமுறையும் பார்த்ததில்லை. இன்று பார்த்தே தீருவேன் என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், வாடா! அவ இனிமே எங்கேயும் போக மாட்டா. கடல்தான் காத்துக்கிட்டிருக்கு!"

யாஸ்னா முத்திரையைக் குத்தினாள். லாரி கேட்டைத் தாண்டி, மிச்சமிருந்த காகித நாடாக்களை ஏரிக்காற்றில் வீசியபடி, கடலை நோக்கி இறங்கத் தொடங்கியது.